பாவனைக்கு உதவாதவை என்று எழுதியவள்

எங்கள் பாடசாலையின் கணினி அறையை நான் பொறுப்பெடுத்தபோது அங்கே பதினேழு கணினிகள் இருந்தன. எட்டு வருடம் கழித்து ஒழுங்காக வேலை செய்தவை மூன்று. மற்றப் பதினான்கையும் சுவரோரமாக அடுக்கி, கிழிந்த திரைச்சீலை ஒன்றால் மூடி வைத்திருந்தேன். வவுனியாவிலிருந்து மன்னார் போகும் வீதியில், பூவரசங்குளம் தாண்டி, கிரவல் பாதையால் உள்ளே இறங்கினால் வரும் பாடசாலை. சண்டை முடிந்து மீள்குடியேற்றம் நடந்த காலத்தில் யார் யாரோ மனமிரங்கித் தந்த கணினிகள் அவை. எங்களிடம் வரும்போதே வேறெங்கோ உழைத்துக் களைத்தவை. சுவிட்சைப் போட்டுவிட்டு நான் இடாப்பில் உள்ள பெயர்கள் முழுவதும் கூப்பிட்டு முடித்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். விண்டோஸின் புதிய பதிப்புகளைத் தாங்க அவற்றுக்குப் பலம் இல்லை. பழைய பதிப்போடு விட்டால் இணையத்தில் பாதிப் பக்கங்கள் திறக்காது. அப்படியே ஒவ்வொன்றாக நின்றுபோயின.

வருட முடிவில் பாடசாலைப் பொருட்களைச் சரிபார்க்கும்போது, அந்தப் பதினான்குக்கும் நேரே "பாவனைக்கு உதவாதவை" என்று என் கையால் எழுதிக் கையெழுத்து வைப்பேன். கூடவே புதிய கணினிகள் கேட்டு அதிபர் மூலமாக ஒரு கடிதம் போகும். புதியவை வரவில்லை. நான் கரும்பலகையில் விசைப்பலகையை வரைந்து படிப்பித்தேன். பிள்ளைகள் மேசைப் பலகையில் விரலால் தட்டிப் பழகினார்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நிலைமை எனக்குப் பழகிப்போனது மட்டுமல்ல, வசதியாகவும் இருந்தது. சாதாரண தரப் பரீட்சையில் பெறுபேறு குறைந்தால் சொல்வதற்குக் காரணம் தயாராக இருந்தது. தகவல் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்த ஒரே ஆள் அந்தப் பாடசாலையில் நான்தான். ஒரு கணினி செத்துவிட்டது என்று நான் சொன்னால் அது செத்ததுதான். மறுத்துப் பேச ஆள் இல்லை.

அப்படி இருக்கும்போது விவசாய ரீச்சர் மாற்றலாகி வந்தார்.

என்னைவிட இரண்டு மூன்று வயது குறைந்தவர். செட்டிகுளத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டம் ஒன்றிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். என் தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வயல்காணி கிடைத்துக் கிளிநொச்சிக்கு வந்தவர். பார்க்கப்போனால் இரண்டு குடும்பமும் வந்து குடியேறியவைதான். ஆனால் நாங்கள் காணி கிடைத்து வந்தவர்கள், அவர்கள் அடிபட்டு வந்தவர்கள் என்ற ஒரு வித்தியாசம் சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் கதையோடு கதையாகக் காதில் விழும். பாடசாலையில் அவர் எங்களைப் போலவே கதைப்பார். தாயோடு தொலைபேசியில் கதைக்கும்போது மட்டும், "ஆமாம்மா, வந்துர்றேன்" என்று தமிழ் மாறும். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணையும் காட்டினேன்.

அவர் வந்து ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் இடைவேளையில் கணினி அறை வாசலில் வந்து நின்றார். செருப்பெல்லாம் சேறு. வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ரீச்சர், உந்த மூடி வைச்சிருக்கிறதிலை ஒண்டை எனக்குத் தருவீங்களோ?"

அவை ஒன்றும் வேலை செய்யாது என்றேன். அது தெரியும் என்றார். பாடசாலைத் தோட்டத்தில் மழைமானி வைத்துப் பிள்ளைகள் தினமும் அளக்கிறார்கள், அதை எழுதிய கொப்பியைக் கறையான் தின்றுவிட்டது, கணினியில் எழுதி வைத்தால் ஒரு வருட மழையை அடுத்த வருட மழையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். செத்ததில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டேன். "ஒருக்காத் தட்டிப் பாப்பம்" என்றார், வயலில் பம்ப் நின்றுபோனதைச் சொல்வது போல.

நான் திரைச்சீலையை விலக்கி, இருந்தவற்றில் மோசமானதைத் தேடிக் கொடுத்தேன். பக்கத்து மூடி இல்லாதது. உள்ளே பல்லி முட்டை இட்டிருந்தது. அவர் அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார். சில நாள் கழித்து, உதிரிப்பாகத்துக்கு என்று இன்னொன்றையும் கேட்டார். அதையும் கொடுத்தேன். ஆசிரியர் ஓய்வறையில் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒன்பதாம் தரப் பிள்ளைகள் என் பாடத்துக்கு நேரத்துக்கு வரவில்லை. தேடிப் போனேன். மண்வெட்டியும் பூவாளியும் வைக்கும் தகரக் கொட்டிலுக்கு முன்னால் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே அந்தக் கணினி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மங்கிய நீலம், கீழே இடது மூலையில் ஒரு சின்னப் பட்டியல், வேறு அலங்காரம் எதுவும் இல்லை. நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அவர் அதை நிறுத்தி, மறுபடியும் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்கள். ஐம்பதுக்குள் அது தயாராகிவிட்டது. என்னுடைய நல்ல கணினிகளில் மிக நல்லதுக்கு அதைவிட நான்கு மடங்கு நேரம் வேண்டும்.

லினக்ஸில் எடை குறைந்த ஒரு வகை என்றார். யாருக்கும் சொந்தமில்லாதது, யாரும் எடுக்கலாம், பிரதி பண்ணலாம், ஒரு பென் டிரைவுக்குள் அடங்கும், கணினியிடம் அதிகம் கேட்காது. இரண்டு கணினியின் நினைவகத் தகடுகளையும் ஒன்றுக்குள் போட்டிருந்தார். கொரோனாக் காலத்தில் யாரோ கைவிட்ட மடிக்கணினி ஒன்று வீட்டுக்கு வந்ததாம். வேறு வாங்க வழியில்லை என்பதால், தொலைபேசியில் காணொளி பார்த்துப் பார்த்து, பிழை விட்டுப் பிழை விட்டு, அதிலேயே பழகினாராம். இதை எல்லாம் பெருமையாகச் சொல்லவில்லை. கத்தரிக்குப் பசளை போடுகிற விதத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பொறாமையை எரிச்சல் என்றுதான் சொல்வோம். அது சரியான சொல் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நெஞ்சுக்குக் கீழே, தீயில் வாட்டிய மிளகாயை வைத்தது போல ஒன்று எரிந்தது.

"நல்லது," என்றேன். "ஆனா உது சோதினைக்கு உதவாது. அங்கை விண்டோஸ்தான் கேப்பினம்."

"எழுதுறது, அட்டவணை போடுறது எல்லாம் இதிலையும் இருக்குது ரீச்சர். தமிழும் அடிக்கலாம்," என்றார்.

பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு என் அறைக்குத் திரும்பினேன். அன்று நான் கரும்பலகையில் வரைந்த விசைப்பலகையை ஒருவரும் பார்க்கவில்லை.

கதை அதிபரின் காதுக்குப் போனது. அவர் கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தார், தானும் எண்ணிப் பார்த்தார். அடுத்த காலை ஒன்றுகூடலில் விவசாய ரீச்சரைப் பாராட்டினார். இன்னும் ஐந்து கணினிகளை அவருக்குக் கொடுக்கச் சொன்னார். பிறகு ஓய்வறையில் என்னைப் பார்த்து, "ரீச்சர், நீங்கள் சாகடிச்சதை எல்லாம் அவா எழுப்பிப்போட்டா" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வாய் அன்று முழுவதும் வலித்தது போல இருந்தது.

நான் எழுதிக் கையெழுத்து வைத்த தாள்கள் அதிபரின் கந்தோர் அலுமாரியில் இருந்தன. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். எட்டு வருடம் அந்தக் கணினிகள் சாகவில்லை. ஆளில்லாமல் கிடந்திருக்கின்றன. அவற்றுக்கு ஆள் என்று பெயர் எழுதப்பட்டிருந்தவள் நான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம், என்னுடைய மடிக்கணினியில் நானும் அதைப் போட்டுப் பார்க்க வெளிக்கிட்டேன். இணையத்தில் இருந்து இறக்கினேன். பென் டிரைவில் ஏற்றினேன். கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை. மறுபடியும் ஏற்றினேன். இந்த முறை திறந்தது, ஆனால் வைஃபை வேலை செய்யவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. கணவர் வயலிலிருந்து வந்து குசினியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், "உதுக்கு ஏன் உப்பிடி மினக்கெடுறீர், அவாட்டையே கேட்டால் என்ன?" என்றார். அவரோடு அன்று பின்னேரம் வரை நான் கதைக்கவில்லை. அவருக்கு என்ன பிழை செய்தோம் என்றே விளங்கவில்லை.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். கொட்டிலுக்கு வெளியே கிடக்கும் செருப்புகளைப் போகும்போதும் வரும்போதும் எண்ணினேன். அவருடைய சேலைக் கரையில் இருந்த சேற்றைப் பார்த்தேன். நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பார்த்தேன். பிள்ளைகள் அவரைக் கூப்பிடும் குரலில் என்னைக் கூப்பிடும்போது இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். இருந்தது. ஒருநாள் இன்னொரு ஆசிரியையிடம், "அது பழைய சாமான் கிண்டிப் பழகின கை, எங்களுக்கு உது வராது" என்றேன். அந்த ஆசிரியை எழும்பித் தேநீர்க் கோப்பையைக் கழுவப் போனார். என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாரி தொடங்கியது. ஒரு பின்னேரம் மின்னல் பக்கத்துத் தென்னையில் விழுந்ததால், பாடசாலை விட்டதும் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்று அதிபர் கட்டளை போட்டார். அடுத்த நாள் காலையில் கொட்டிலில் இருந்த ஆறு கணினியும் பாதி வழியில் நின்றன. கறுப்புத் திரையில் ஆங்கில வரிகள். எதையெதையோ அழுத்தி ஒருவாறு உள்ளே போனாலும், இணையப் பக்கங்கள் எல்லாம் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்க மறுத்தன.

நான் அந்தப் பக்கமாகப் போனேன். சும்மா போகவில்லை, அங்கே சத்தம் குறைந்திருந்ததைக் கேட்டுத்தான் போனேன். அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். திரையின் மூலையில் திகதி இருந்தது. பல வருடத்துக்கு முந்திய ஒரு ஜனவரி முதலாம் திகதி.

பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. கணினிக்குள்ளே நாணயம் அளவில் ஒரு பற்றரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் மணிக்கூட்டை ஓட வைப்பது அதுதான். பழைய கணினிகளில் அது எப்போதோ செத்திருக்கும். லினக்ஸை ஏற்றிய பிறகு இதுவரை மின்சாரம் முழுதாக நிற்காததால் தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு பின்னேரமும் மெயின் சுவிட்ச் நிற்க, கணினி திகதியை மறந்துவிடுகிறது. திகதி பிழைத்தால் வட்டில் உள்ள கோப்புகள் எல்லாம் எதிர்காலத்தில் எழுதப்பட்டவை போலத் தெரியும். இணையமும் நம்பாது. என்னுடைய மூன்று கணினிகளுக்கும் நானே முன்பு பற்றரி மாற்றியிருக்கிறேன். வவுனியா பஸ் நிலையத்துப் பக்கம் மணிக்கூடு திருத்தும் கடையில்கூடக் கிடைக்கும் சாமான்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "ரீச்சர், உங்களுக்கு ஏதும் விளங்குதோ?"

"எனக்கு லினக்ஸ் தெரியாதே ரீச்சர்," என்றேன்.

சொன்னதில் பொய் இல்லை. எனக்கு லினக்ஸ் தெரியாதுதான். அப்படித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அன்று மத்தியானச் சோறு எனக்கு நன்றாக ருசித்தது.

மூன்று வாரம் அவர் அந்த ஆறு கணினியோடும் மாரடித்தார். வட்டுப் பழுது என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். பென் டிரைவில் பிழை என்று நினைத்து வேறு பென் டிரைவ் கொண்டுவந்தார். தேநீருக்கு ஓய்வறைப் பக்கம் வருவதை நிறுத்தினார். மழை அட்டவணையில் திகதி தானாக விழும்படி வைத்திருந்தார். ஐப்பசி மழை எல்லாம் எந்தக் காலத்திலோ முடிந்துபோன ஒரு ஜனவரியில் பெய்ததாக அட்டவணை காட்டியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவருக்கு அதுதான் மிகவும் நொந்தது என்று நினைக்கிறேன். மழையை எழுதி வைக்கத்தானே கணினியே கேட்டவர். ஒருநாள் பார்த்தேன், புதுக் கொப்பி ஒன்றை வாங்கிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் இரண்டாம் தடவை கேட்டார். என் அறைக்கே வந்து கேட்டார். "ஒவ்வொரு நாளும் பிள்ளையளுக்கு முன்னாலை நிண்டு போகுது ரீச்சர். ஒருக்கா வந்து பாருங்கோவன்."

தவணைப் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்றேன். மேசையில் இருந்த தாள் கட்டையும் கையால் தொட்டுக் காட்டினேன். அவர் அந்தக் கட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு எனக்கு அந்தத் தாள்களில் ஒன்றைக்கூடத் திருத்த முடியவில்லை. எழும்பிப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் மூன்று வாரம் பிந்திப் போய்ச் சொன்னால், ஏன் முதலே சொல்லவில்லை என்ற கேள்வி வரும். நல்லதைச் செய்வதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. நான் அதைத் தவறவிட்டிருந்தேன்.

அவர் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். காரணம் தெரியவில்லை, ஆனால் திகதியைக் கையால் சரிசெய்தால் அன்றைக்கு முழுவதும் வேலை செய்கிறது என்பதைக் கண்டுகொண்டார். ஒவ்வொரு காலையும் முதல் வேலையாகத் திகதி போடுவது என்று பிள்ளைகளுக்கு முறை வைத்தார். அது ஒரு கௌரவமாகிவிட்டது. ஆறு பேர் கேற் திறந்ததும் கொட்டிலுக்கு ஓடுவார்கள். சுவிட்சைப் போட்டவுடன் எந்த விசையை அழுத்த வேண்டும், உள்ளே எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் ஆறாம் தரப் பிள்ளைக்கும் அத்துப்படி. பத்தாம் தரத்தில் நான் படம் வரைந்து படிப்பித்தும் விளங்காத பாடம் அது. என் மௌனம் அவரைக் கவிழ்க்கும் என்று இருந்தேன். அது அவருக்கு இன்னொரு நல்ல பெயரை வாங்கிக் கொடுத்தது.

அந்த நேரத்தில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து என் பாடத்துக்குப் பொறுப்பான அதிகாரி வந்தார். முதலில் என் அறைக்கு வந்தார். மூன்று கணினியைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு அதிபர் அவரைக் கொட்டிலுக்கு அழைத்துப் போனார். நானும் பின்னால் போக வேண்டியிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு பெண்பிள்ளை கணினிக்கு முன்னால் நின்று திகதி போட்டுக்கொண்டிருந்தாள். அதிகாரி குனிந்து பார்த்தார். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார்.

ஒவ்வொரு நாளும் மறந்துவிடுகிறது, ஏனென்று தெரியவில்லை என்றார் விவசாய ரீச்சர்.

அதிகாரி சிரித்துவிட்டார். மூடி இல்லாத அந்த முதல் கணினியைத் தன் பக்கம் திருப்பி, உள்ளே விரலால் தொட்டுக் காட்டினார். அந்தப் பற்றரி செத்துவிட்டது, மாற்றுவது இரண்டு நிமிட வேலை என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"ரீச்சர், நீங்கள் இதை ஒருக்காவும் பாக்கேல்லையோ?"

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அதிபர், பிள்ளைகள், அவர். தகரத்தில் மழைத்துளி விழும் சத்தம் கேட்டது.

"நான் அவாட்டைக் கேக்கேல்லை சேர்," என்றார் விவசாய ரீச்சர். "தாள் திருத்துற வேலையிலை நிண்டவா. கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு விட்டிட்டன்."

அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த கணினிக்குப் போனார். நன்றியாக இருந்திருக்க வேண்டும் எனக்கு. இல்லை. இரண்டு தடவை கேட்டுவிட்டு, கேட்கவில்லை என்று ஒரு நொடியில் சொல்ல அவருக்கு முடிந்தது. அந்த மனம் எனக்கு இல்லையே என்றுதான் எரிந்தது. கணினியில் தோற்றதைவிட இதில் தோற்றது பெரிதாக இருந்தது.

அடுத்த நாள் வேளைக்கே வவுனியாவுக்குப் போய், கடை திறக்கும்வரை நின்று ஆறு பற்றரி வாங்கிக்கொண்டு, அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பிந்தி வந்தேன். அவர் கொட்டிலில் தனியாக இருந்து விதைப் பக்கற்றுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பற்றரிகளை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"ரீச்சர், ஒண்டு கேக்கிறன். உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"முதல் நாளே தெரியும்."

அவர் விதைகளைப் பிரிப்பதை நிறுத்தவில்லை. பயற்றை ஒரு பக்கம், வெண்டியை ஒரு பக்கம் வைத்தார். "ஆறையும் நாலு தரம் அழிச்சு அழிச்சுப் போட்டனான்," என்றார்.

நேற்று எனக்காகச் சொன்னதற்கு நன்றி என்று தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

"உங்களுக்காகச் சொல்லேல்லை ரீச்சர். ரெண்டு ரீச்சர்மாருக்கு இடையிலை பிரச்சினை எண்டு தெரிஞ்சால், உந்த ஆறையும் திரும்ப உங்கடை அறைக்குள்ளை வைச்சுப் பூட்டச் சொல்லியிருப்பினம். பிள்ளையள் பிறகும் மேசையிலைதான் தட்டுவினம்." வெண்டிப் பக்கற்றின் வாயை மடித்துவிட்டு, "பழைய சாமான் கிண்டின கை எண்டு நீங்கள் சொன்னதும் காதிலை விழுந்தது. உண்மைதான். சண்டை முடிஞ்சு அகதி முகாமிலையிருந்து வந்த பிறகு எங்கடை அப்பா பழைய இரும்பு பொறுக்கி வித்துத்தான் என்னைப் படிப்பிச்சவர். நானும் கூடப் போனனான்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எந்தச் சொல்லால் கேட்டேன் என்று இப்போது நினைவில்லை. அவர் விதைப் பக்கற்றுகளைப் பெட்டிக்குள் வைத்தார். மணி அடித்துவிட்டது என்று சொல்லி எழும்பிப் போனார். ஆறு பற்றரியையும் நான் தனியாக மாற்றினேன். ஒன்று தவறிக் கீழே விழுந்து மண்வெட்டிகளுக்குள் உருண்டு போனது. முழங்காலில் நின்று தேடி எடுத்தேன்.

அந்தத் தவணை முழுவதும் அவர் என்னோடு வேலைக் கதை மட்டும்தான் கதைத்தார். அது எனக்குச் சரியான தண்டனையாகத்தான் பட்டது. திரைச்சீலைக்குக் கீழே இன்னும் ஏழு கணினி இருந்தது. அவற்றை "பாவனைக்கு உதவாதவை" பட்டியலில் இருந்து நீக்கும்படி அதிபருக்குக் கடிதம் கொடுத்தேன். நான் பரிசோதிக்காமல் எழுதிவிட்டேன் என்று அதில் எழுதினேன். அதிபர் அதை இரண்டு தரம் வாசித்தார். கடிதம் எழுதியதைவிடக் கஷ்டமாக இருந்தது விவசாய ரீச்சரிடம் பென் டிரைவ் கேட்டுப் போனது. வீட்டில் எத்தனை தடவை முயன்றும் எனக்குச் சரிவரவில்லை. அவர் உடனே எடுத்துத் தந்தார். கூடவே, செய்ய வேண்டியவற்றைத் தன் கையால் எழுதிய ஒரு தாள். முதல் வரியில் "திகதி சரியா என்று பார்க்கவும்" என்று இருந்தது. அது எனக்கென்றே எழுதியதா, எல்லாருக்கும் எழுதியதா என்று நான் கேட்கவில்லை.

ஏழில் ஐந்தை ஓட வைத்தேன். ஒரு முழுத் தவணை பிடித்தது. முதலாவது திறந்தபோது அறையில் யாரும் இல்லை. தனியாக எண்ணினேன். எழுபத்திரண்டு. அவருடையதைவிட இருபதுக்கு மேல் அதிகம். உடனே, அவரிடம் கொடுத்தது நல்ல கணினிகள், எனக்கு மிஞ்சியது கழிவு என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது. பல்லி முட்டை இட்டிருந்ததைத் தேடிக் கொடுத்தவள் நான்தான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் பூநகரிப் பக்கத்துச் சிறிய பாடசாலை ஒன்றிலிருந்து எங்கள் அதிபருக்குத் தொலைபேசி வந்தது. அங்கேயும் ஓர் அறை நிறையப் பழைய கணினி கிடக்கிறதாம். உங்களிடம் ஒரு ரீச்சர் இருக்கிறாவாமே, ஒருநாள் அனுப்ப முடியுமா என்று கேட்டார்களாம். எந்த ரீச்சர் என்று நான் கேட்கவில்லை. அதிபரின் முகத்திலேயே இருந்தது. விவசாய ரீச்சர் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போனார். நான் வீட்டில் மீன் வெட்டிக்கொண்டு, டிப்ளோமா யாரிடம் இருக்கிறது என்று பூனைக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன்.

பத்து மணி இருக்கும், என் தொலைபேசி அடித்தது. அவர்தான்.

"ரீச்சர், இஞ்சை மெசின் பென் டிரைவை எடுக்குதே இல்லை. சரியான பழசு. என்ன செய்யிறது?"

சீடி போடுகிற இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அவ்வளவு பழையவை பென் டிரைவிலிருந்து தொடங்காது, வெறும் சீடி ஒன்று தேடி அதில் ஏற்றுங்கள், குறைந்த வேகத்தில் எழுதுங்கள், வேகமாக எழுதினால் பழைய கருவி வாசிக்காது என்றேன். மீன் கையோடு, தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவர் சீடி தேடி எடுத்து, எழுதி முடித்து, போட்டுப் பார்க்கும்வரை இடையிடையே வெட்டுப்பட்ட அழைப்பில் நின்றேன். பின்னால் பிள்ளைகள் எண்ணும் சத்தம் கேட்டது. அந்த வித்தையும் அங்கே போய்விட்டிருந்தது.

"வந்திட்டுது," என்றார். பஸ் மூன்று மணிக்குத்தான் என்றும் சொன்னார். வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் எனக்கு எரிச்சல் வந்தது. கேட்டபோது வரவில்லை, சொல்லும்போதும் வரவில்லை. பிள்ளைகளின் சத்தம் அங்கே, மீன் செதில் இங்கே என்று நினைத்தபோதுதான் வந்தது. கணவர் சரிவந்ததா என்று கேட்டார். வந்துவிட்டதாம் என்றேன். "பிறகேன் முகத்தை நீட்டுறீர்?" என்றார். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை ஓய்வறையில் விவசாய ரீச்சர் நேரே என் மேசைக்கு வந்தார். அங்கே இன்னும் பன்னிரண்டு கணினி இருக்கிறது, தனி ஆளால் முடியாது, சீடி வேலை தனக்கு அவ்வளவு பிடிபடவில்லை என்றார். அடுத்த சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டார். பற்றரி விஷயத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அந்தத் தொலைபேசி அழைப்பு, இது இரண்டாவது.

"வாறன்," என்றேன்.

சனிக்கிழமை விடியவே பூவரசங்குளச் சந்தியில் நின்றேன். வெறும் சீடி பத்தும், பற்றரி பன்னிரண்டும் பையில் இருந்தன. பஸ் வந்தது. அவர் முதலிலேயே ஏறி, இரண்டு பேர் இருக்கும் கதிரை ஒன்றில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். யன்னல் பக்கத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.